கேம்பர் வேனுக்கு டயர் சென்சார்: விடிகாலையில் மட்டும் ஏன் கத்துகிறது?

பழைய வேனில் கட்டிலும் அடுப்பும் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பின்டயர் ஒன்றில் காற்றுப் போய்விட்டது. பின்னால் இரட்டைச் சக்கரம், பக்கத்து டயர் தாங்கிக்கொண்டதால் சேலம் போய்த்தான் பார்த்தேன். தர்மபுரி திரும்பியதும், டயரின் காற்றழுத்தத்தைத் திரையில் காட்டி, குறைந்தால் கத்தும் ஆறு சென்சார் உள்ள செட் ஒன்று வாங்கினேன்.

வால்வில் மூடி மாதிரி திருகும் வகைதான் என் கட்சி. ரிம்முக்குள் வைக்கும் வகை என்றால் பஞ்சர் கடையில் லிவர் போட்டு நெம்பும்போது உடைய வாய்ப்புண்டு.

திரையில் அளவை பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அலகு) மாற்றி, ஒவ்வொரு சென்சாரையும் அதன் சக்கரத்தோடு இணையுங்கள். செட்டோடு வந்த தாளில் இருக்கும். லாக் நட் (சென்சார் கழலாமல் பிடிக்கும் நட்) இருந்தால் முதலில் அதை வால்வில் ஏற்றுங்கள். அப்புறம் சென்சாரைக் கையால் திருகி, 'உஸ்' சத்தம் நின்றதும் இன்னும் கொஞ்சம் இறுக்கி, நட்டைச் சென்சார் பக்கமாகத் திருப்பி முடுக்குங்கள். சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். ரப்பர் வால்வில் மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள். சக்கரம் சுழலச் சுழல சென்சாரின் எடை வால்வை ஆட்டி அடியில் விரிசல் விடும். உலோக வால்வு போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் சறுக்கிய இடம். கிருஷ்ணகிரியிலிருந்து நல்ல வெயிலில் வந்த கையோடு பங்க்கில் நிறுத்தி 55 பிடித்தேன். குறைந்த அளவு எச்சரிக்கையை 50-இல் வைத்தேன். மறுநாள் ஒகேனக்கல் கிளம்ப விடிகாலையில் சாவியைத் திருப்பினால் ஆறும் கத்துகின்றன! திரையில் 48, 49. சென்சார்தான் ஒழுகுகிறது என்று பனியில் உட்கார்ந்து ஆறுக்கும் நுரை தடவினேன். ஒரு குமிழி வரவில்லை. பஞ்சர் கடை அண்ணன் சிரித்தார்: "சூட்டுல காத்து புடிச்சா அப்படித்தாங்க."

விஷயம் இதுதான். 55 இருக்கும் டயரில் வெப்பம் 10 டிகிரி கூடினாலே 2 பிஎஸ்ஐக்கு மேல் ஏறும், ஆறினால் அதே அளவு இறங்கும். ஓடிவந்த டயர் 30 டிகிரி சூடாக இருந்திருந்தால் 6, 7 காணாமல் போவதில் அதிசயமில்லை. அதனால் வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் படுமுன் காற்றுப் பிடியுங்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. எனக்கு அது 55. எச்சரிக்கையைக் கீழே 50, மேலே 68 என்று வைத்திருக்கிறேன். ஓடும்போது 62 காட்டினால் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். அளக்க சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள், பங்க் மீட்டரை நான் நம்புவதில்லை.

பிற்சேர்க்கை: இரட்டைச் சக்கரத்தில் உள்சக்கரத்துக்கு எக்ஸ்டென்ஷன் (வால்வை நீட்டும் குழாய்) போடலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். போடலாம், ஆனால் ஆடாமல் ரிம்மோடு பிடித்துக் கட்டுங்கள். என்னுடையது ஆடி ஆடித்தான் ஒழுக ஆரம்பித்தது. இன்னொருவருக்குச் சென்சார் துருவேறி வால்வோடு ஒட்டிக்கொண்டதாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை. சென்சாரின் பேட்டரி மாற்றும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். டயரை முன்னுக்குப் பின் மாற்றினால் சென்சாரைக் கழற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். நான் மறந்துவிட்டு, முன்டயர் இறங்கியதற்குப் பின்டயரில் அரை மணி நேரம் ஓட்டை தேடினேன்.