தேதி மேல் போட்ட ஃபங்ஷனை எடுத்தால் கொயரி வேகமாகும்

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கும் ஒரு கடைக்குக் கணக்கு மென்பொருள் செய்துகொடுத்தேன். யார் எத்தனை கிலோ ஷீட் கொண்டுவந்தார், ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) எவ்வளவு, அன்றைய விலை என்ன, எல்லாம் 'கொள்முதல்' என்ற ஒரே டேபிளில். ஏழெட்டு வருடக் கணக்கு சேர்ந்தபின், ஒரு மாதக் கணக்கை எடுக்கவே ரொம்ப நேரம் பிடித்தது. காரணம் சர்வர் அல்ல, நான் கொயரி (டேபிளிடம் கணக்குக் கேட்கும் கட்டளை) எழுதிய விதம். மைஎஸ்க்யூஎல் (MySQL) என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்து நீங்களும் செய்து பாருங்கள்.

முதலில் தேதி ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் (வரிகளைச் சட்டென்று கண்டுபிடிக்க அடுக்கிவைத்த பட்டியல்) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போடுங்கள். எனக்கு இருந்தது, இருந்தும் மெதுவாகத்தான் ஓடியது.

அப்புறம் கொயரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளைன் (EXPLAIN) என்று சேர்த்து ஓட்டுங்கள், எப்படித் தேடப்போகிறது என்று அது காட்டும். டைப் என்ற இடத்தில் 'ஆல்', கீ என்ற இடத்தில் 'நல்' (NULL, ஒன்றும் இல்லை) என்று வந்தால், இண்டெக்ஸைத் தொடாமல் டேபிள் முழுவதையும் படிக்கிறது என்று பொருள்.

எனக்கு அதுதான் வந்தது. எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) பகுதியில் தேதி மேல், வருடத்தையும் மாதத்தையும் பிரித்தெடுக்கும் இயர், மன்த் ஃபங்ஷன்களைப் போட்டு, வருடம் 2024, மாதம் 6 என்று கேட்டிருந்தேன். இண்டெக்ஸில் அடுக்கியிருப்பது தேதிகள்தான், மாதங்கள் அல்ல; அதனால் ஒவ்வொரு வரியையும் எடுத்து, அதன் மாதத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகுதான் வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கிறது. தேதிவாரியாக எழுதிய பேரேட்டில் ஜூன் பக்கத்தைப் புரட்டாமல், முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படிக்கிற மாதிரி.

சரி, இப்படி மாற்றுங்கள்: தேதி >= '2024-06-01', கூடவே தேதி < '2024-07-01'. தேதி மேல் ஒன்றும் இல்லை. மறுபடி எக்ஸ்ப்ளைன் ஓட்டினால் டைப் 'ரேஞ்ச்' என்று மாறியிருக்கும்.

பிட்வீன் (BETWEEN, இதிலிருந்து இதுவரை) போட்டு '2024-06-30' வரை என்று எழுதிவிடாதீர்கள். ஃபீல்டில் நேரமும் இருந்தால் 30ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவோடு கணக்கு நின்றுவிடும். அன்று காலையில் ஷீட் கொண்டுவந்தவரின் கிலோ விட்டுப்போகும். உழைத்தவர் காசு அது.

பெயரைத் தேடும்போது லைக்கில் (LIKE), எந்த எழுத்தும் வரலாம் என்னும் % குறியை முன்னால் போட்டாலும் இதே பாடுதான், பின்னால் மட்டும் போடுங்கள். எல்லா ஃபீல்டையும் கேட்கும் செலக்ட் ஸ்டாரை (SELECT *) விட்டு, வேண்டிய ஃபீல்டுகளை மட்டும் கேளுங்கள்.

ஏழெட்டு வருடக் கணக்கையும் மொத்தமாகக் கேட்டால் மறுபடி 'ஆல்' வரலாம். பதறவேண்டாம், டேபிளில் பெரும்பகுதி தேவைப்படும்போது நேராக முழுவதையும் படிப்பதே அதற்கு லாபம்.