லக்சம்பர்க் வருகிறீர்களா? முதலில் இங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

வேலை உறுதியானதும் எல்லோரும் தேடுவது வீட்டு வாடகையையும் வருமான வரியையும்தான். தேடுங்கள், வாடகை தலையைச் சுற்ற வைக்கும். ஆனால் அதற்கு முன் இந்த நாட்டின் மக்கள் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள். எந்த மொழியை முதலில் படிப்பது, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதெல்லாம் அதைப் பார்த்தால்தான் பிடிபடும்.

நாட்டின் மொத்தப் பரப்பே 2,586 சதுர கிலோமீட்டர். 1961இல் ஏறக்குறைய 3,15,000 பேர் இருந்தார்கள். 2025 தொடக்கத்தில் 6,80,000ஐத் தாண்டிவிட்டது. கூடியதில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். இன்றைக்கு சுமார் 47 சதவீதம் பேருக்கு லக்சம்பர்க் குடியுரிமை கிடையாது. தலைநகரில் மட்டும் பார்த்தால் அது 70 சதவீதம் அளவுக்குப் போகிறது. அதனால் 'வெளிநாட்டுக்காரன்' என்று கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கே கணக்கெடுப்பில் யாரும் உங்கள் இனம் என்ன என்று கேட்பதில்லை. ஸ்டாடெக் என்ற அரசுப் புள்ளியியல் நிறுவனம் குடியுரிமையை வைத்துத்தான் பிரிக்கிறது. குடியுரிமை வாங்கிவிட்ட போர்ச்சுகீசியர் அந்தப் பட்டியலில் லக்சம்பர்க்கர். இங்கேயே பிறந்து லக்சம்பர்க் மொழியில் சண்டை போடும் பையன் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவன் வெளிநாட்டவன். ஆகவே 47 சதவீதம் என்பதை அப்படியே 'புதிதாக வந்தவர்கள்' என்று படித்துவிடக் கூடாது.

19ஆம் நூற்றாண்டில் இது ஆட்களை வெளியே அனுப்பிய ஏழை நாடு. ஆயிரக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அப்புறம் தெற்கே, எஷ் சுர் அல்செத் பக்கத்தில், இரும்புத் தாதை வைத்து உருக்காலைகள் எழுந்தன. சுரங்கத்துக்கும் உலைக்கும் ஆள் போதாமல் இத்தாலியர்கள் வந்தார்கள். 1960களிலிருந்து போர்ச்சுகீசியர்கள், 1970இல் இரு நாடுகளும் இதற்காகவே ஒப்பந்தம் போட்டன. 90களில் பால்கன் போர்களிலிருந்து தப்பி வந்தவர்கள். இன்னொரு பக்கம் ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய முதலீட்டு வங்கி, நிதி நிறுவனங்கள் என்று தலைநகரின் கிர்ஷ்பெர்க் மேட்டை நிரப்பியவர்கள். இப்போது போர்ச்சுகீசியர்கள்தான் முதலிடம், சுமார் 90,000 பேர். அடுத்து பிரெஞ்சுக்காரர்கள், அதற்கப்புறம் இத்தாலியர்கள், பெல்ஜியர்கள், ஜெர்மானியர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களில் இந்தியர்களும் ஒரு பெரிய கூட்டம்.

இந்தக் கணக்கில் வராத ஒரு கூட்டமும் உண்டு. தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்கள், 2 லட்சத்துக்கும் மேல். அதில் பாதிக்கு மேற்பட்டோர் பிரான்சிலிருந்து, மீதிப் பேர் பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து. காலையில் பிரான்சின் தியோன்வில் பக்கமிருந்து வரும் நெடுஞ்சாலையைப் பார்த்தால் புரியும். கடையிலும் மருத்துவமனையிலும் உங்களோடு பேசுகிறவர் பல நேரம் இவர்களில் ஒருவர்தான். அவருக்கு லக்சம்பர்க் மொழி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சரி, எந்த மொழி? முதல் வருடத்துக்கு பிரெஞ்சு, தயங்காமல். வாடகை ஒப்பந்தம், காய்கறிக் கடை, டாக்டர் எல்லாம் அதில்தான் ஓடும். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்பார்கள். அது அலுவலக வாசல் வரைக்கும்தான். ஆனால் பிரெஞ்சோடு நின்றுவிடவும் வேண்டாம். நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் லக்சம்பர்க் மொழியைத் தங்கள் முதன்மை மொழி என்கிறார்கள், நகராட்சி அலுவலகத்தில் 'மோயன்' என்று வணக்கம் சொன்னாலே முகம் மாறும். அந்த மொழி படிக்க, வேலையில் இருப்பவர்களுக்கு மொத்தம் 200 மணி நேரம் வரை தனி விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். நம் ஆட்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் வயதைப் பாருங்கள். உள்ளூர்ப் பள்ளியில் சின்னக் குழந்தைகள் லக்சம்பர்க் மொழி பேசி வளர்வார்கள். எழுதப் படிக்கப் பெரும்பாலும் ஜெர்மனில் தொடங்கி, பிறகு பிரெஞ்சும் சேரும். நான்கு வயதில் வரும் குழந்தை தாங்கிக்கொள்ளும், நம்மைவிட வேகமாகவே. பத்து, பன்னிரண்டு வயதில் வருகிறவர்களுக்கு அது பாரம். அவர்களுக்கு ஆங்கிலப் பிரிவு உள்ள அரசு ஐரோப்பியப் பள்ளிகளைப் பாருங்கள், கட்டணம் கிடையாது. முதலாவது 2016இல் டிஃபர்டாஞ்சில் தொடங்கியது.

காகித வேலை ஒன்று: இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் வந்த மூன்று நாளுக்குள் இங்கே குடியிருக்கும் ஊரின் நகராட்சியில் பதிந்துவிட வேண்டும். அப்புறம் மருத்துவப் பரிசோதனை, தங்கும் அட்டை. பதிந்தவுடன் நீங்களும் அந்த மக்கள் கணக்கில் ஒருவர்.

ஓட்டு? நாடாளுமன்றத்துக்கு இல்லை. வெளிநாட்டவருக்கு அதைக் கொடுக்கலாமா என்று 2015இல் குடிமக்களிடம் கேட்டார்கள், சுமார் 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நகராட்சித் தேர்தலில் போடலாம். முன்பிருந்த ஐந்து வருட நிபந்தனையும் 2023 தேர்தலுக்கு முன்பே போய்விட்டது. ஆனால் பெயரைப் பதிந்தால் ஓட்டுப் போடுவது கட்டாயம், சும்மா பதிந்துவைக்காதீர்கள்.

குடியுரிமைக்கு ஐந்து வருட வாசமும் லக்சம்பர்க் மொழித் தேர்வும் வேண்டும். பேசுவதும் கேட்பதும் மட்டும்தான், எழுத்து இல்லை. லக்சம்பர்க் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. அதனால் இந்தியர்கள் பழைய பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு ஓசிஐ என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்க வேண்டியிருக்கும். வீட்டில் பேசி முடிவெடுங்கள், அவசரம் இல்லை.

தமிழ்க் கூட்டம் இங்கே சின்னது. முருங்கைக்காய், நல்ல இட்லி அரிசி என்று மனம் அலைபாய்ந்தால் பாரிஸ் ரயில் சுமார் இரண்டே கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். இறங்கும் நிலையத்திலிருந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் நடந்துபோகும் தூரம்தான். உள்நாட்டுப் பேருந்து, டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு 2020 முதல் எல்லோருக்கும் இலவசம், பாரிஸ் ரயிலுக்கு மட்டும் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள்.