கடற்கரை வீட்டில் சீனக்கோஸ்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் மூன்று வருடத்துக்கு முன்பு, அதுவும் பங்குனி வெயிலில், முதல் தடவையாகச் சீன முட்டைக்கோஸ் போட்டேன். முளைத்தது, நாலு இலை விட்டது. அப்புறம் இலை ஓரமெல்லாம் இஸ்திரிப்பெட்டி சுட்டது மாதிரி பழுப்பாகிச் சுருண்டது. தப்பிப் பிழைத்த மூன்று செடியும் ஒரு சாண் உயரத்திலேயே மஞ்சளாகப் பூத்துவிட்டன. "என்னத்தா, கடுகா போட்டிருக்க?" என்று கேட்டார் மாமியார்.

கேட்டதில் தப்பில்லை. இது கடுகுக் குடும்பம்தான். விதையும் கடுகு மாதிரியே இருக்கும். பெயரில் முட்டைக்கோஸ் இருந்தாலும், தாவரவியல் கணக்கில் டர்னிப்பும் இதுவும் ஒரே இனம்.

எந்த விதை வாங்குவது

கடையில் இரண்டு வகை கிடைக்கும். நீளவாக்கில் தலை கட்டுவது நாப்பா. வெள்ளைத் தண்டும் கரண்டி போன்ற இலையுமாக விரிவது பாக் சோய். நாப்பா நன்றாகத் தலை கட்ட 15 முதல் 20 டிகிரி வரை குளிர்ச்சி வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கம் மார்கழி இரவில்கூட 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் பாக் சோய் வாங்குங்கள். நாப்பா விதைதான் கையில் இருக்கிறதென்றால் அதையும் போடலாம். இலையாக வெட்டிச் சமைத்துக்கொள்ளுங்கள், தலைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தண்ணீர்

மற்ற ஊர்க்காரர்கள் மண்ணிலிருந்து ஆரம்பிப்பார்கள். நமக்குத் தண்ணீர்தான் ஆரம்பம். தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடுங்கள். 500, 600க்குள் காட்டினால் கவலையில்லை. ஆயிரத்தைத் தாண்டினால் நான் அதை இந்தச் செடிக்கு ஊற்றுவதில்லை. மீட்டர் இல்லையென்றால், வாயில் வைத்ததும் கரிக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஐப்பசி மழைதான் நம் சொத்து. மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாய்க்கு நேராக 200 லிட்டர் டிரம் ஒன்றை வையுங்கள். முதல் மழையைப் பிடிக்காதீர்கள். மாடியில் படிந்த உப்பும் தூசியும் காக்கை எச்சமும் அதோடு போகட்டும். பிடித்த பிறகு டிரம்மின் வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கொசுப் பண்ணைதான். பத்துச் செடிக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் ஒரு டிரம் இருபது நாள் வரும். இடையில் மழை பெய்தால் இன்னும் நீளும்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது, தாராளமாக ஊற்றலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். உள்ளே போன தண்ணீரைவிட உப்பு அதில்தான் அதிகம். மீன் கழுவிய தண்ணீரும் அப்படியே. நம் வீடுகளில் கல்லுப்புப் போட்டு உரசித்தானே கழுவுகிறோம்!

நார்த்தூளைக் கழுவுதல்

தென்னை நார்த்தூள் கட்டி வாங்கி, ஊறவைத்து, அப்படியே செடி வளர்க்கும் பையில் போட்டுவிடுவார்கள். நானும் போட்டேன். அதிலேயே உப்பு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, வரும் தண்ணீரைப் பாருங்கள்: கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். மீட்டரை விட்டால் எண் எகிறும். நாலைந்து தடவை அலச வேண்டும், ஆனால் அத்தனை நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

நான் செய்வது இதுதான். ஊறிய தூளைப் பழைய அரிசிச் சாக்கில் அள்ளி, வாயைக் கட்டி, மழைத்தண்ணீர் சொட்டும் தாழ்வாரத்து ஓரத்தில் வைத்துவிடுவேன். இரண்டு மூன்று நல்ல மழையில் அதுவே கழுவிவிடும். சாக்கின் அடியில் ஒழுகுகிற தண்ணீர் தேநீர் நிறம் மாறி வெளுத்தால் வேலை முடிந்தது.

மண் கலவையும் நாற்றும்

செம்மண் ஒரு பங்கு, கழுவிய நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஆட்டுப் புழுக்கை கிடைத்தால் நன்றாக மக்கியதை மட்டும் போடுங்கள். புதிதாகப் போட்டால் வேர் வெந்துவிடும். கடற்கரை மணலைக் கலக்காதீர்கள்.

ஐப்பசி நடுவில் குழித்தட்டிலோ பழைய தேங்காய்ச் சிரட்டையிலோ விதைக்கலாம். சிரட்டையின் கண்ணைத் துளைக்க மறக்காதீர்கள். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். திண்ணையில், மழை நேராக அடிக்காத, ஆனால் வெளிச்சம் விழுகிற இடத்தில் வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.

இருபது, இருபத்தைந்து நாளில் நாலு இலை வரும். கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்யும்போது சாயங்காலமாகப் பைக்கு மாற்றுங்கள். ஒரு அடி அகலப் பையில் நாலு பாக் சோய் கொள்ளும். நாப்பா என்றால் பைக்கு ஒன்று. பையின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள்.

காற்றும் வெயிலும்

இந்த மாதங்களில் வாடைக்காற்று வடக்குக் கடலிலிருந்து உப்பைத் தூக்கிக்கொண்டு வரும். ஜன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசுக்குமே, அதே உப்புதான் இலையிலும் படியும். வடகிழக்குப் பக்கம் ஒரு பனையோலைத் தட்டி கட்டினேன், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில் மழைத்தண்ணீரால் இலைகளை ஒரு தடவை கழுவிவிடுகிறேன். காலை வெயில் நாலைந்து மணி நேரம் போதும். மதிய வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை.

பையின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் நன்றாக ஒழுகும்வரை மழைத்தண்ணீர் ஊற்றி இறக்குங்கள்.

பூச்சி

இலையில் கண்ணாடி ஜன்னல் மாதிரி தோல் மட்டும் மிஞ்சிய ஓட்டைகள் தெரிந்தால், இலையைத் திருப்பிப் பாருங்கள். பச்சையாக ஒரு சின்னப் புழு இருக்கும். தொட்டால் துள்ளி, நூல் விட்டுத் தொங்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அது. கையால் பொறுக்கலாம். வாரம் ஒரு முறை, சாயங்காலத்தில், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோடு கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். இதையெல்லாம்விடச் சுலபமான வழி, நட்ட அன்றே பழைய கொசுவலையால் மூடிவிடுவது. கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் சேர்த்து அதுவே வேலி.

உரத்துக்கு மீன் அமிலம் செய்கிறவர்கள், மீன் கழிவின் உப்பை முதலில் கழுவிவிட்டு, அதே எடை வெல்லம் சேர்த்து மூன்று வாரம் மூடி வையுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

வெட்டுதல்

நட்ட 25, 30 நாளில் வெளி இலைகளை ஒடிக்கலாம். நடுக்குருத்தை விட்டுவிட்டால் இரண்டு மூன்று தடவை வரும். தண்டைத் தனியாக நறுக்கி முதலில் வதக்குங்கள், இலையைக் கடைசி ஒரு நிமிடம் போட்டால் போதும். பாசிப்பருப்புக் கூட்டு நன்றாக வரும். சின்ன இறாலோடு பூண்டும் நம் முண்டு மிளகாயும் தட்டிப் போட்டு வதக்கினால் கடுகா என்று கேட்டவரே இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்கிறார்.

தை முடிவதற்குள் கடைசி ஈடை வெட்டிவிடுங்கள். மாசியில் வெயில் ஏறிவிடும், மறுபடியும் பூதான் மிஞ்சும். மிச்ச விதையைப் பொட்டலமாக மடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த ஐப்பசிக்கு ஆகும். காலியான பைகளில் கோடைக்குக் கொடிப்பசலையோ தண்டுக்கீரையோ போடலாம். போடும் முன்னால் டிரம்மில் மிஞ்சிய தண்ணீரைப் பைகளில் ஊற்றி, உப்பை இறக்கிவிடுங்கள்.