கிழிந்த வீல் ஆர்ச் லைனரை மாற்றுவதும் திருத்தியமைப்பதும்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

காரின் டயருக்கு மேலே, ஃபெண்டரின் (சக்கரத்தைச் சூழ்ந்த வெளித் தகடு) உட்புறத்தில் வளைந்து நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தகடுதான் வீல் ஆர்ச் லைனர். ஓடும் டயர் வாரியிறைக்கும் சேறும் நீரும் கல்லும் ஃபெண்டரின் தகட்டிலும் அதன் பின்னே செல்லும் ஒயர்களிலும் படாமல் அது தடுக்கிறது. பெரும்பாலான சேதம் ஒரே ஒரு கிளிப் கழன்று விழுவதில்தான் தொடங்குகிறது. பிடிமானம் இழந்த ஓரம் தொங்கி டயரில் உரசும். உரசிய இடம் தேய்ந்து கிழியும். வேகமாகச் செல்லும்போது படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தமோ, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது உரசும் சத்தமோ கேட்டால் முதலில் இங்கே பாருங்கள்.

வேலையைத் தொடங்குமுன் மாற்றுவதா, சீர்செய்வதா என்று முடிவுசெய்யுங்கள். கிளிப் துளைகள் கிழிந்து வாய்பிளந்திருந்தாலோ, டயர் தேய்த்துத் தகடு மெலிந்துபோயிருந்தாலோ புதியதே நல்லது. நடுவில் ஒரு விரிசல் மட்டும் என்றால் அதைக் காப்பாற்றலாம். புதியது வாங்கும்போது இடதா வலதா, முன்னா பின்னா என்பதோடு, உங்கள் காரில் அது ஒரே துண்டா இரண்டு துண்டா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கூடவே அதே அளவிலான புதிய கிளிப்புகளையும் தேவைக்குச் சற்று அதிகமாகவே வாங்கி வையுங்கள். பழையவற்றில் சில கழற்றும்போதே உடையும். உடையாதவற்றின் பிடிப்பையும் நம்ப முடியாது.

காரைத் தூக்குதல்

காரைச் சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, தூக்கப்போகாத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டு, கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக் வைத்துத் தூக்கி, உடனே ஜாக் ஸ்டாண்டு (எடையைத் தாங்கி நிற்கும் தாங்கி) கொடுத்துக் காரின் எடையை அதன்மேல் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வளைவுக்குள் தலையையோ தோளையோ நுழைக்காதீர்கள்; இதில் எந்தச் சலுகையும் இல்லை. பிறகு சக்கரத்தைக் கழற்றுங்கள்.

பழைய லைனரைக் கழற்றுதல்

முதலில் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், ஏனெனில் கிளிப்பின் இடுக்கில் காய்ந்த மண் இருந்தால் அதன் நடுவிலுள்ள ஊசி நகராது. ஒரு வகைக் கிளிப்பில் நடு ஊசியைத் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் சில மில்லிமீட்டர் நெம்பி உயர்த்தினால் பிடி விடும். இன்னொரு வகையில் ஊசியைச் சற்று உள்ளே அழுத்த வேண்டும். ஊசியின் தலை விளிம்போடு சமமாக இருந்து, சுற்றிலும் நெம்புவதற்கான பிளவு தெரிந்தால் அது பெரும்பாலும் முதல் வகை. இவற்றோடு ஸ்க்ரூகளும், தகட்டிலிருந்து நீளும் போல்ட்டில் பிளாஸ்டிக் நட்டுகளும் இருக்கலாம். பம்பரின் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். லைனர் எங்காவது வராமல் அடம்பிடித்தால் இழுக்காதீர்கள். அங்கே கழற்றாத ஒன்று இருக்கிறது. கழற்றுமுன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டால் எந்த ஸ்க்ரூ எங்கே என்ற குழப்பம் வராது.

லைனர் வெளியே வந்ததும் அவசரப்பட்டுப் புதியதை மாட்டிவிடாதீர்கள். இந்த இடத்தை நீங்கள் நேரடியாகப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அரிது. ஃபெண்டரின் கீழ் மூலையில் சேர்ந்திருக்கும் இலையும் ஈர மண்ணும்தான் தகட்டை உள்ளிருந்து துருப்பிடிக்க வைப்பவை. அவற்றைச் சுரண்டியெடுத்து, நீர் வடியும் துளைகளைத் திறந்துவிடுங்கள். துரு தெரிந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருத்தடுப்புப் பிரைமர் பூசி, அது நன்கு காயும்வரை காத்திருங்கள். ஏபிஎஸ் சென்சார் (சக்கரத்தின் வேகத்தை அளக்கும் உணரி) ஒயரும் விளக்குகளின் ஒயர்களும் உரசித் தோல் உரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மின்சாரக் காரிலோ ஹைபிரிட் காரிலோ ஆரஞ்சு நிற உறையுள்ள கேபிள் தென்பட்டால் அது உயர் மின்னழுத்தக் கேபிள். அதைத் தொட வேண்டாம்.

விரிசலைச் சீர்செய்தலும் வடிவம் மாற்றுதலும்

பெரும்பாலான பிளாஸ்டிக் லைனர்கள் பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன் போன்ற, பசை எளிதில் பிடிக்காத பொருள்களால் ஆனவை. ஆகவே பசையால் ஒட்டினால் சில நாள்களில் பிரிந்துவிடும். விரிசலின் இரு முனைகளிலும் ஏறத்தாழ 4 மி.மீ. துளையிட்டால் அது மேலும் ஓடாது. பிறகு இருபுறமும் சிறு துளைகள் போட்டுக் கேபிள் டையால் கிழிந்த துணியைத் தைப்பதுபோல் தைத்து, முடிச்சுப் பகுதி டயர் பக்கம் வராமல் பின்பக்கம் வைத்து, மிஞ்சிய வாலை வெட்டிவிடுங்கள். பெரிய ஓட்டையென்றால், பழைய லைனரிலிருந்து வெட்டிய துண்டைப் பின்புறம் வைத்து, அகன்ற வாஷருடன் ரிவெட் அடிக்கலாம். தட்டையான தலை மட்டுமே டயர் பக்கம் இருக்க வேண்டும்.

அகலமான டயர் போட்டதால் உரசுகிறதென்றால், வெட்டுவதற்கு முன் வளைத்துப் பாருங்கள் என்பதே என் கருத்து, ஏனெனில் வெட்டிய இடம் பின்னால் இருப்பவற்றைப் பாதுகாப்பில்லாமல் ஆக்கிவிடும். லைனரைக் காரிலிருந்து வெளியே எடுத்து வைத்து, ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே சூடாக்குங்கள். பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும்; அதற்கு வெகு முன்பே வளைக்கும் அளவுக்கு நெகிழ்ந்துவிடும். கையுறை அணிந்து, மரத்துண்டால் அழுத்திப் பிடித்து, ஆறும்வரை விடாதீர்கள். கம்பளம்போன்ற இழை லைனருக்கு இந்த முறை பொருந்தாது.

பொருத்துதலும் சோதனையும்

புதியதை மாட்டும்போது மேல் நடுப்பகுதியில் இரண்டு கிளிப்புகளை முதலில் தளர்வாகப் போட்டு, ஓரங்களை ஃபெண்டர் விளிம்பிலும் பம்பரிலும் சரியாக அமர்த்திய பிறகே மற்றவற்றை இறுக்குங்கள். துளை சற்று விலகியிருந்தால் லைனரின் துளையை அகலமாக்கி வாஷர் போடுங்கள். காரின் தகட்டில் புதுத் துளையிட்டால் அங்கே துரு தொடங்கும். நீளமான ஸ்க்ரூவின் கூர்முனை ஒயரையோ டயரையோ நோக்கி நிற்கக் கூடாது.

சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் குறுக்கு வரிசையில் கையால் இறுக்கி, காரை இறக்கிய பின் கையேட்டில் சொல்லப்பட்ட டார்க் (முறுக்குவிசை) அளவுக்கு முறுக்குங்கள். காரின் எடை சக்கரத்தின்மேல் நிற்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, டயருக்கும் லைனருக்கும் நடுவே எல்லா இடத்திலும் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். முதல் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சோதித்து, டார்ச் அடித்து லைனரைப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கும்போது உரசியிருந்தால் அந்த இடம் மட்டும் பளபளப்பாகத் தெரியும். லைனரை மீண்டும் கழற்றி அங்கே சூடாக்கி, டயரிலிருந்து விலகும்படி இன்னும் சற்று வளையுங்கள்.