3.4 ஓவர் தசம எண் அல்ல

எட்டாம் வகுப்பில் காகிதத்திலேயே ஃபேன்டசி கிரிக்கெட் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம்) நடத்தினோம்: 11 வீரர்கள், மொத்த விலை 100 புள்ளிக்குள், காசுப் பேச்சே கிடையாது. எகானமி, அதாவது பந்துவீச்சாளர் ஓவருக்குச் சராசரியாகக் கொடுத்த ரன், 8-க்குக் கீழே வந்தால் போனஸ். அங்கேதான் சிக்கல். 3.4 ஓவரில் 29 ரன் கொடுத்த பந்துவீச்சாளருக்கு, கால்குலேட்டரில் 29-ஐ 3.4-ஆல் வகுத்து 8.53 என்றார்கள், போனஸ் போச்சு. அந்தப் புள்ளி 3 ஓவரையும் 4 பந்தையும் பிரிக்கும் குறி, அவ்வளவுதான். ஓவருக்கு 6 பந்து, ஆக 22 பந்து. 29 × 6 ÷ 22 = 7.91, போனஸ் உண்டு!

கணக்குத் தாளில் ‘ஓவர்’ என்ற கட்டத்தை அடித்து ‘பந்து’ என்று எழுதியதும் தவறு நின்றது. கூட்டலும் அப்படித்தான்: 3.4-உம் 2.5-உம் 5.9 ஆகாது; 22 + 17 = 39 பந்து, அதாவது 6.3 ஓவர். முழுதாக்குவதைக் கடைசியில் மட்டும் செய்யச் சொல்லுங்கள், முதலிலேயே 22 ÷ 6-ஐ 3.67 என்று சுருக்கினால் விடை 7.90 ஆகிவிடும்.