அடை வைத்த முட்டையை ஏழாம் நாள் பாருங்கள்

வீட்டில் நாட்டுக்கோழியை அடை வைத்திருந்தால், ஏழாம் நாள் முட்டைகளை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். கோழி இரைக்கு இறங்கும் நேரம்தான் தோது, இல்லாவிட்டால் கொத்து நிச்சயம். இருட்டறையில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் ஒட்டிப் பிடியுங்கள். உள்ளே ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்திக்கால் போலக் கிளைக்கும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு வளர்கிறது. வெறுமனே மஞ்சளாக ஒளிர்ந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம், டார்ச்சுக்குச் சண்டையே வரும்!

அப்புறம், அடைக்கு எடுக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. கழுவவும் வேண்டாம், ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போனால் கிருமி நுழையும். ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை சரி. ஆசைப்பட்டுக் கூட்டினால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது.

18ஆம் நாளுக்கு மேல் கூடையைத் தொடாதீர்கள். 21ஆம் நாள் வாக்கில் குஞ்சு ஓட்டைக் கொத்தும்போது உரித்துவிடப் போகாதீர்கள், ரத்தம் கசியும். பொரிந்த குஞ்சுகளுக்குத் தண்ணீரைத் தட்டையான தட்டில், கூழாங்கல் போட்டு வையுங்கள். ஆழமான கிண்ணத்தில் விழுந்து மூழ்கிவிடும்.