மீண்டெழும் திறனை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரிடர் மேலாண்மைப் பயிற்சிக்கு வந்த புதியவர்கள் போன வாரம், ஒரு ஊர் பேரிடரிலிருந்து எவ்வளவு சீக்கிரம் மீண்டெழும் என்பதை அளக்க ஒரு மதிப்பெண் தாள் தயாரித்துக் காட்டினார்கள். படகு எத்தனை, மணல் மூட்டை எத்தனை, முகாம் எத்தனை. பத்து வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் போட்டேன். கூட்டல் பிழை, விடுபட்ட கட்டங்களையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். என் கவலை வேறு.

கையிருப்பைத் திறன் என்று நினைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இது. ஒரு கடலோர ஊரின் புயல் பாதுகாப்பு மையத்தில் ஜெனரேட்டர் இருந்தது; டிக் போட்டேன். அடுத்த மாதம் ஒத்திகை. பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது. டீசல் இல்லை. அறைச் சாவி வைத்திருந்தவர் வெளியூர்க் கல்யாணத்தில். விளக்கு எரிய நாலு மணி நேரம் ஆனது. என் தாளில் அந்த மையத்துக்கு முழு மதிப்பெண்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அதற்குள் எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அது நல்ல வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. முகாம்களை எண்ணினால் இது தெரியவே தெரியாது.

அதனால் தண்ணீர், மின்சாரம், சாலை, செல்போன் என்று தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொன்றின் சேவையும் எவ்வளவு விழுந்தது, எத்தனை மணி நேரத்தில் பழையபடி ஆனது என்று வரைபடம் போடுங்கள். நடுவே விழும் பள்ளத்தின் பரப்புதான் இழப்பு. மிஷெல் புருனோவும் சக ஆய்வாளர்களும் 2003-ல் நிலநடுக்கத்துக்காகச் சொன்ன முறை இது. புயலுக்கும் அப்படியே பொருந்தும். மணி நேரம் எழுதாத தாளை நான் இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

சராசரி

90 சதவீதம் சரியாகிவிட்டது என்றால், மிச்சம் எந்தத் தெரு என்று கேளுங்கள். பெரும்பாலும் ஊர்க்கோடிக் குடியிருப்புதான்.

ஒத்திகைத் தேதியை முன்கூட்டியே சொல்வது

சொல்லாதீர்கள்.

ஒரே ஆளை நம்பிய ஏற்பாடு

சாவி யாரிடம் என்பதோடு நிறுத்தாமல், அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரிடம் என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது ஆளுக்கு நீங்களே போன் போட்டு, கதவைத் திறக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள்.